கடைமடை ஆங்கிலம்

நான் இப்போது குடியிருக்கும் ஊரில் கால்வாய் திரும்பி வருகிறது. காலையில் பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது பாலத்தின் மேல் நின்று பார்த்தால் தண்ணீர் இடமிருந்து வலமாக, கடலை நோக்கி, பொறுப்பாக ஓடிக்கொண்டிருக்கும். மதியம் வகுப்பு முடிந்து திரும்பும்போது அதே பாலத்தில், அதே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் வலமிருந்து இடமாக ஓடும். காலையில் மிதந்து போன வெங்காயத்தாமரைக் கூட்டம், வீட்டில் எதையோ மறந்து வைத்துவிட்டவர்களைப் போலத் திரும்பி வந்துகொண்டிருக்கும். வந்த புதிதில் இது என் ரத்த அழுத்தத்தின் வேலை என்று நினைத்து இரண்டு நாள் உப்பைக் குறைத்தேன். மூன்றாம் நாள், பாலத்தடியில் காப்பிக் கடை வைத்திருக்கும் அம்மாளிடம் கேட்டுவிடுவது என்று போனேன். எனக்கு வியட்நாம் மொழி தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது, ஆகவே கையால் பேசினேன். தண்ணீரைக் காட்டி, கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி, ஏன் என்று புருவத்தை உயர்த்தினேன். அவர் முகம் மலர்ந்தது. என் தோளைப் பிடித்து அழைத்துப்போய்க் கடைக்குப் பின்னால் கட்டியிருந்த கயிற்று ஊஞ்சலில் படுக்கவைத்து, லேசாக ஆட்டிவிட்டு, ஐஸ் போட்ட டீயும் கொடுத்தார். கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. ஆனால் அரை மணி நேரம் நன்றாகத் தூங்கினேன்.

கடல் பொங்கும்போது ஓதம் ஆற்றுத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு கால்வாய்களுக்குள் ஏறும், வற்றும்போது இறங்கும், அவ்வளவுதான் விஷயம். பிறகு மாணவர்கள் சொன்னார்கள். மேகாங் ஆறு கடலில் கலக்குமுன் கை விரித்துப் பரவும் இந்தத் தென் வியட்நாமில் குழந்தைக்கும் இது தெரியும். எனக்கு நம்பத்தான் கஷ்டமாக இருந்தது. நான் பேராவூரணிப் பக்கம். கல்லணைக் கால்வாயின் கடைசியில், தண்ணீர் வந்து சேரும் கடைசி வயல்கள் எங்களுடையவை. கடைமடை என்பார்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் முக்கொம்பு தாண்டி, கல்லணை தாண்டி, தஞ்சாவூர் தாண்டி, ஒரத்தநாட்டுக்காரர்கள் எல்லாரும் பாய்ச்சி முடித்த பிறகு, மிச்சம் இருந்தால் எங்களுக்கு. தண்ணீர் என்றால் மேலே இருப்பவன் விட்டால் கீழே வருவது. அது தானாகக் கிளம்பித் திரும்பி வரும் என்று எங்கள் ஊரில் சொன்னால் முதலில் வாயை முகர்ந்து பார்ப்பார்கள்.

ஆங்கிலமும் எங்களுக்கு அப்படித்தான் வந்தது. லண்டனில் திறந்துவிட்டது, சென்னையில் ஒரு பாகம், திருச்சியில் ஒரு பாகம், தஞ்சாவூரில் ஒரு பாகம் என்று பிரிந்து, எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது கணுக்கால் அளவுதான் இருந்தது. அந்தக் கணுக்கால் தண்ணீரில் நீச்சல் பழகி, எம்.ஏ., எம்.ஃபில். எல்லாம் முடித்து, தஞ்சாவூருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் இருபது வருஷம் ஆங்கிலம் நடத்தினேன். மாணவர்கள் குறைந்து, பிறகு பிரிவுகள் குறைந்து, கடைசியில் நான் குறைக்கப்பட்டேன். ஐம்பது வயதில் ஒருவன் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகலாம், நியாயம் இருக்கிறது. நான் வியட்நாமுக்கு வந்தேன். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. அவளுக்குப் பக்கத்து ஒன்றியத்துக்கு மாற்றல் வாங்கவே ஏழு வருஷம் ஆயிற்று என்பதால் நாடு மாற்றம் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

முதல் நாள் வகுப்பறைக்குள் நுழைந்ததும் மாணவர்கள் எல்லாரும் எழுந்து நின்று, எனக்குப் பின்னால் பார்த்தார்கள். ஆங்கில ஆசிரியர் வருகிறார் என்று சொல்லியிருந்தார்கள் போலும். அவர் இன்னும் வரவில்லை என்று நினைத்துவிட்டார்கள். நானும் மரியாதைக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். இப்போது பழகிவிட்டார்கள். என்னைத் ‘தை’ என்று கூப்பிடுகிறார்கள். அவர்கள் மொழியில் ஆசிரியர் என்று பொருள். என் காதில் அது அறுவடை மாதமாகத்தான் விழுகிறது, விழட்டும் என்று விட்டிருக்கிறேன்.

இந்த வருஷ இறுதியாண்டு மாணவர்களுக்கு என் வேலை சொற்கள் கற்றுக்கொடுப்பது. வேளாண் வணிகம் படிக்கிறவர்கள், ஆனால் ஆங்கில வாய்மொழித் தேர்வில் தேறினால்தான் இங்கே பட்டம் கையில் வரும். முதல் வாரம் ஆளுக்கு மூன்று நிமிஷம் குடும்பத்தைப் பற்றிப் பேசச் சொன்னேன். ஒவ்வொருவராக எழுந்து, சுவரில் எழுதியிருப்பதைப் படிப்பதுபோல ஒப்பித்தார்கள். என் அப்பா டாக்டர். என் அப்பா எஞ்சினியர். என் அப்பா டாக்டர், அம்மா ஆசிரியை, நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவுக்குப் போவோம். ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டிய வரை பச்சை. மாணவர்களில் முக்கால்வாசிப் பேர் வார இறுதியில் மோட்டார் சைக்கிளில் கிராமத்துக்குப் போய்ச் சேற்றுக்காலோடு திரும்புகிறவர்கள். ஊரில் இத்தனை டாக்டர்கள் இருந்தால் இந்த நெல்லையெல்லாம் யார் விளைவிக்கிறார்கள் என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன். சிரிப்பு வந்தது. அது பாதியில் நின்றுவிட்டது, ஏனென்றால் எனக்கு அந்தக் கட்டுரை தெரியும். வரிக்கு வரி தெரியும்.

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் ‘மை ஃபாதர்’ என்று கட்டுரை கேட்டார்கள். கைடில் இருந்ததை மனப்பாடமாக எழுதினேன். மை ஃபாதர் இஸ் எ டாக்டர். எங்கள் வகுப்பில் எல்லார் அப்பாவும் அன்று டாக்டர்தான், இறந்துபோயிருந்த இரண்டு அப்பாக்கள் உட்பட. என் கட்டுரைக்குப் பத்துக்கு ஒன்பது. விடைத்தாளில் பெற்றோர் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். என் அப்பா ரத்தினம் அப்போது ஒரு பண்ணையில் கூலி வேலை. தண்ணீர் முறை வரும்போது வயல் வயலாக மடை திறந்து பாய்ச்சுவது அவர் பொறுப்பு. குத்தகைக் காகிதம் ஒன்றில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைத்து ஒருமுறை சூடுபட்டவர், ஆகவே விடைத்தாளை எடுத்துக்கொண்டு நேராகப் பஷீர் பாய் மளிகைக் கடைக்குப் போனார். பாய் சவூதியில் எட்டு வருஷம் இருந்து திரும்பியவர், ஊரில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த இரண்டு பேரில் ஒருவர். இன்னொருவன் நான். நான் கடைக்கு வெளியே மூட்டைக்குப் பக்கத்தில் நின்றேன்.

“என்னங்க பாய் எழுதியிருக்கான்?”

“உன்னயப் பத்திதான் ரத்தினம் எழுதியிருக்கான். நீ டாக்டராம்.”

அப்பா கொஞ்சம் யோசித்தார். “அப்பறம்?”

“வெள்ளக் கோட்டு போட்டுக்கிட்டு டெய்லி காலையில ஆஸ்பத்திரிக்குப் போறியாம். ஏழைபாழைங்களுக்கு இனாமா வைத்தியம் பாக்குறியாம்.”

“ஊசியும் போடுறனா?”

“அத எழுதல. அதுக்குத்தான் ஒரு மார்க்கு கொறச்சிருக்காங்க போல.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். தாளைக் கவுண்டரில் வைத்துக் கட்டை விரலை உருட்டினார். அன்று சாயங்காலமே அவர் ஊருக்கு டாக்டர் ஆகிவிட்டார். இன்றுவரை டாக்டர்தான். கல்யாணப் பத்திரிகையில்கூட டாக்டர் ரத்தினம் என்றே போட்டுவிடுகிறார்கள், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அவரை ஓரமாகக் கூட்டிப்போய் மூட்டுவலி பற்றி விசாரிக்கிறார்கள், அவரும் சளைக்காமல் விளக்கெண்ணெய் தடவச் சொல்கிறார். ஆனால் அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது அவர் என்னிடம் ஒன்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. விலை விசாரிப்பதுபோலக் கேட்டார்.

“ஏண்டா, நான் செய்யிற வேலைக்கு இங்கிலீசுல பேரு இல்லையா?”

“இருக்கும்ப்பா. வாத்தியாரு சொல்லித்தரல.”

மறுபடி அவர் கேட்கவில்லை. நானும் தெரிந்துகொள்ளவில்லை.

என் வகுப்பில் பின்வரிசையில் லான் என்று ஒரு பெண். வாய்மொழித் தேர்வில் இரண்டு முறை தவறியவள். முதல் முறை அப்பா எஞ்சினியர் என்று ஒப்பித்தாள். தேர்வாளர் ஆர்வமாகி, எந்தப் பாலம் கட்டினார் என்று கேட்டுவிட்டார். மிச்ச நேரம் முழுக்க மௌனம். இரண்டாம் முறை உஷாராகி அப்பாவை டாக்டராக மாற்றினாள். என்ன டாக்டர் என்றார்கள். நல்ல டாக்டர் என்றாள், அதோடு சரி. இன்னும் மூன்று வாரத்தில் மூன்றாவது முறை. அவள் கிராமத்து நெல் கூட்டுறவில் ஏற்றுமதி அலுவலகத்தில் ஒரு வேலையை அவளுக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள், அந்த மாதக் கடைசி வரை. பட்டம் வந்தால் அவளுக்கு, வராவிட்டால் பட்டம் இருக்கிற வேறு யாருக்காவது. வகுப்பு முடிந்ததும் அவளை உட்காரவைத்து, உன் அப்பா உண்மையில் என்ன செய்கிறார் என்று கேட்டேன். நெல், என்றாள். அப்படியானால் அதையே சொல்லேன், என்றேன், ஐம்பது வயதுக்காரனுக்கே வரும் தாராளத்தோடு. அவள் ஒவ்வொரு ஆங்கில வார்த்தையாகத் தேடி எடுத்து வைத்துச் சொன்னாள்:

“பொய்க்கு என்னிடம் முப்பது வாக்கியம் இருக்கிறது, தை. உண்மைக்கு நாலு வார்த்தைகூட இல்லை.”

இதற்கு எம்.ஃபில்.லில் பதில் சொல்லித் தரவில்லை. சொற்களைக் கற்பிக்க எல்லாரும் கையாளும் பழைய உபாயம் ஒன்று உண்டு. துண்டுச் சீட்டில் பெயர் எழுதி, வீட்டில் உள்ள சாமான்களில் ஒட்டுவது. கதவில் கதவு, அலமாரியில் அலமாரி. நான் அதைக் கொஞ்சம் நீட்டினேன். இந்த வார இறுதியில் ஊருக்குப் போய், வயலில் ஒட்டுங்கள், பெயர் தெரியாததில் வெறும் சீட்டை ஒட்டிப் போட்டோ எடுத்து வாருங்கள் என்றேன். திங்கட்கிழமை லான் கைபேசியை நீட்டினாள். வரப்பில் குச்சி நட்டு ஒரு வெள்ளைச் சீட்டு. விதைநெல் ஊறும் சாக்கில் வெள்ளைச் சீட்டு. பதர்க் குவியலில் ஒன்று. டீசல் பம்ப்பின் வாயில் ஒன்று. வயலில் மேய்ந்த வாத்து ஒன்றின் முதுகில்கூட ஒன்று, அதில் மட்டும் ‘டக்’ என்று எழுதியிருந்தாள். அது ஓடிக்கொண்டிருந்தது. கடைசிப் படத்தில் அவள் அப்பா. அரைக்கால் சட்டை, தலையில் ஓலைத் தொப்பி, வாய்க்காலுக்கும் வயலுக்கும் நடுவே வரப்பை மண்வெட்டியால் வெட்டிய இடத்தில் ஒரு காலை வைத்து நின்றிருந்தார். அந்த வெட்டில் சீட்டை ஒட்ட இடம் இல்லாமல் அவர் முழங்காலில் ஒட்டியிருந்தாள்.

அந்த வெள்ளைச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவை அத்தனைக்கும் எனக்குத் தமிழில் பெயர் தெரியும். ஆங்கிலத்தில் பாதி தெரியாது. ஒன்றரை நூற்றாண்டு முந்தைய இங்கிலாந்தில் கோச்சு வண்டியின் பாகங்கள் என்னென்ன என்று கேட்டால் சொல்வேன், நடனத்துக்குப் போகும் சீமாட்டி எத்தனை வகைக் கையுறை அணிவாள் என்று சொல்வேன். பதருக்கு அகராதியைத் திறந்தேன். வயலிலிருந்து வெளியே போவதற்காகப் படித்த ஆங்கிலம் அது, திரும்பிப் போக வழி வைத்துப் படிக்கவில்லை. வாரம் முழுவதும் மாணவர்களைப் போலவே நானும் சொல் பட்டியல் போட்டேன். வரப்புக்குப் பண்ட், நாற்றுக்குச் சீட்லிங், கதிர்க்கட்டுக்கு ஷீஃப், பதருக்குச் சாஃப் என்று ஒவ்வொன்றாக வந்தது. வராதது அந்த முழங்கால் சீட்டு ஒன்றுதான். ஸ்லூயிஸ் என்றால் கல்லணை அளவுக்கு இரும்புக் கதவு வேண்டும். கேட் என்றால் இங்கே கதவே இல்லை. ஹோல் என்றால் அது எலியின் வேலை. கரும்பலகைக்கு முன்னால் சாக்பீஸோடு நின்றேன். முப்பது பேர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

“இதை எங்கள் ஊரில் மடை என்போம்,” என்றேன். “அடுத்த வாரம் ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடித்துத் தருகிறேன். அதுவரை மடை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.”

பட்டியலில் உள்ள சொற்களைப் பத்துப் பத்து தடவை எழுதிவர வேண்டும் என்பது நான் தஞ்சாவூரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த பழக்கம். அங்கே ஒரு மாணவன்கூட அதைச் செய்ததில்லை. இங்கே எல்லாரும் செய்வார்கள். அடுத்த வாரம் அந்த ஆங்கிலச் சொல்லைத் தேட நான் மறந்துவிட்டேன். அவர்கள் மடையை எழுத மறக்கவில்லை.

தேர்வன்று எனக்கு நேரம் பார்க்கும் வேலை. சொந்த மாணவர்களுக்கு மதிப்பெண் போடக் கூடாது, வாயைத் திறக்கவும் கூடாது, நிறுத்துக் கடிகாரத்தோடு மூலையில் உட்காரலாம். மேசைக்குப் பின்னால் இரண்டு தேர்வாளர்கள். ஒருவர் கிரெய்க், ஆஸ்திரேலியர், நகரத்திலிருந்து வந்தவர், வியட்நாம் மொழி தெரியாது. இன்னொருவர் எங்கள் துறையின் துயெட் மேடம், உள்ளூர்க்காரர். எழுதும் ஆங்கிலத்தில் தவறு காண முடியாது, ஆனால் தனக்குத் தெரியாத ஆங்கிலச் சொல் ஒன்று இருப்பதாக அவர் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. லான் உள்ளே வந்தாள். உன் அப்பா என்ன செய்கிறார் என்றார் கிரெய்க். அவள் ஒரு கணம் சுவரைப் பார்த்தாள். டாக்டர் வரப்போகிறார் என்று நினைத்தேன்.

“அவர் நெல் விளைவிக்கிறார்,” என்றாள்.

பிறகு சொன்னாள். ஒழுங்கான வாக்கியங்கள் என்று சொல்ல மாட்டேன். விதை ஊறியது, வரப்பு உயர்ந்தது, வாத்து வந்தது, காலங்கள் முன்பின்னாக இருந்தன. ஆனால் நிற்கவில்லை. கடல் பொங்கிக் கால்வாய் ஏறும் நேரம் பார்த்து அப்பா விடியற்காலையில் திறப்பார் என்றாள். எதைத் திறப்பார், என்றார் கிரெய்க்.

“மடை,” என்றாள் லான்.

கிரெய்க் அதை வியட்நாம் சொல் என்று எடுத்துக்கொண்டு, தெரிந்தவர்போலத் தலையசைத்து, துயெட் மேடத்தைப் பார்த்தார். துயெட் மேடம் அதை ஆங்கிலச் சொல் என்று எடுத்துக்கொண்டு, தெரிந்தவர்போலத் தலையசைத்து, கிரெய்க்கைப் பார்த்தார். இருவரும் குறித்துக்கொண்டார்கள். மூலையில், அந்த அறையிலேயே அந்தச் சொல்லின் ஒரே உறவினன், வாயை மூடிக்கொண்டு நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கிரெய்க் விடவில்லை, அது எப்படி இருக்கும் என்றார். லான் இரண்டு கைகளையும் குவித்துக் காட்டினாள்.

“மண்ணில் ஒரு சின்ன வாய். அப்பா காலால் திறப்பார், காலால் மூடுவார். தண்ணீர் போதுமா என்று கால் சொல்லும்.”

மூன்று நிமிஷம் முடிந்தது. நான் பொத்தானை அமுக்க மறந்து இருபது நொடி கூடுதலாக ஓடியது.

கிரெய்க் காப்பி குடிக்கப் போன பிறகு, மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போடும் முன்னால் துயெட் மேடம் என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அந்தச் சொல், பிரிட்டிஷா, அமெரிக்கனா?”

பிரிட்டிஷ் என்று சொன்னால் முடிந்தது. யாரும் சரிபார்க்கப் போவதில்லை. பத்தாம் வகுப்பில் இதைவிடப் பெரிய பொய் எழுதிப் பத்துக்கு ஒன்பது வாங்கியவன் நான். ஆனால் மாட்டினால் மாட்டுவது அந்தப் பெண், நான் இல்லை.

“இரண்டும் இல்லை, மேடம். தமிழ். எனக்கு ஆங்கிலச் சொல் தெரியாததால் சொல்லிக்கொடுத்தேன். தப்பு என்னுடையது.”

அவர் தாளைப் பார்த்தார். தலையசைத்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், காது மடல் சிவந்தது. பிறகு பேனாவை எடுத்தார். “அதற்கு அவள் சொன்ன விளக்கத்தில் ஏதாவது தப்பு இருக்கிறதா?”

“இல்லை.”

“தமிழா அது?”

“ஆங்கிலம்.”

“மதிப்பெண் அதற்குத்தான்,” என்று கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, “கிரெய்க்கிடம் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். சந்தோஷமாக இருக்கிறார்,” என்றார்.

லான் தேறினாள். விளிம்பில்தான், ஆனால் விளிம்புக்கு இந்தப் பக்கம். மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் கூட்டுறவில் சேர்ந்துவிட்டாள். அடுத்த பருவத்து மாணவர்கள் அவளுடைய நோட்டை நகல் எடுத்து வைத்திருக்கிறார்கள். பண்ட், சீட்லிங், ஷீஃப், சாஃப், மடை. பத்துத் தடவை. சிவப்புப் பேனாவோடு அந்த வரிக்கு வரும்போதெல்லாம் கொஞ்சம் நிற்கிறேன், பிறகு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறேன்.

நேற்று மதியம் பாலத்தில் நின்றுகொண்டு அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். இப்போது அவருக்குச் சொந்தமாக இரண்டு மா நிலம், முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக, இருக்கிறது, பட்டா அவர் பேரில். கல்லணையில் திறந்து பன்னிரண்டு நாள் ஆகியும் எங்கள் பக்கம் வந்து சேரவில்லை என்று வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தார். பின்னால் தென்னைகள்.

“அப்பா, அன்னிக்குக் கேட்டீங்களே, உங்க வேலைக்கு இங்கிலீசுல பேரு இல்லையான்னு.”

“என்னிக்கி?”

“பஷீர் பாய் கடைக்குப் போனமே, அன்னிக்கு.”

“ஆமா.” யோசிக்கவே இல்லை. “கெடச்சுதா?”

“மத்தது எல்லாம் கெடச்சிருச்சு. மடைக்குக் கெடைக்கல. அதனால இங்க மடைன்னே சொல்லிக்கிறாங்க.”

திரையில் அவர் முகம் அசையவில்லை. நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்தேன்.

“இதுக்காடா இத்தன வருசம் படிச்ச?” என்றார். சிரிக்கிறார் என்பது தோள் குலுங்கியதில்தான் தெரிந்தது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அங்க தண்ணி எப்படி?” என்றார். நான் கைபேசியைத் திருப்பிக் கால்வாயைக் காட்டினேன். கரை முட்ட நின்ற தண்ணீரைப் பார்க்க அவர் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். காய்ந்த வாய்க்காலின் கரையில் உட்கார்ந்திருக்கிறவரிடம் அதைக் காட்டியிருக்கக் கூடாது என்று அப்புறம்தான் உறைத்தது.

“எந்தப் பக்கம் ஓடுது?”

குனிந்து பார்த்தேன். ஏறுவது முடிந்து இறங்குவது தொடங்காத நேரம் போலும். பாலத்துக்கு நேர் கீழே வெங்காயத்தாமரைத் திட்டு ஒன்று எந்தப் பக்கமும் போகாமல் இருந்தது.

“இப்ப நிக்குதுப்பா.”

“தண்ணி நிக்காதுடா,” என்றார் டாக்டர் ரத்தினம், மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தண்ணீருக்குக் காத்துக்கொண்டு. “நல்லாப் பாரு.”

பார்த்துக்கொண்டு நின்றேன்.